திருமண வரவேற்பு மேசைகளுக்குக் குறைந்த செலவில் கைவேலை அலங்காரம்

வரவேற்புக்கு வரும் ஒருவர் நுழைவாயிலைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறார். மணமக்களை வாழ்த்திவிட்டுச் சில நிமிடங்களில் நகர்கிறார். எஞ்சிய நேரம் முழுவதும் அவர் ஒரு மேசையின் முன்தான் அமர்ந்திருக்கிறார். ஆகவே, அலங்காரத்துக்கென ஒதுக்கிய பணம் குறைவாக இருக்கும்போது, அதில் பெரும்பங்கை மேசைக்குக் கொடுப்பதே பொருத்தம். மேசை அலங்காரம் வீட்டிலேயே கையால் செய்வதற்கும் மிக ஏற்றது. பொருள்கள் சிறியவை, கருவிகள் எளியவை, வேலையைப் பல வாரங்களுக்குப் பகிர்ந்து செய்யலாம், உறவினரும் நண்பர்களும் ஒன்றாக அமர்ந்து செய்யும்போது அந்த வேலையும் திருமண மகிழ்ச்சியின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

குறைந்த செலவில் செய்த அலங்காரம் மலிவாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் பொருளின் விலை காரணமாக இருப்பதில்லை. மேசைக்கு மேசை வேறுபடும் வடிவங்கள், தேவைக்கு மேல் சேர்ந்த நிறங்கள், பசை வழிந்த விளிம்புகள் ஆகியவையே காரணம். எளிய வடிவம் ஒன்றைத் தேர்ந்து, அதைத் துப்புரவாகச் செய்து, எல்லா மேசைகளிலும் ஒரே மாதிரி வைத்தால், பழைய கண்ணாடிப் புட்டியும் காகிதப் பூவும்கூட மண்டபம் முழுவதற்கும் ஓர் ஒழுங்கைத் தந்துவிடும். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் இந்த ஒரு கருத்தை ஒட்டியே அமைகிறது.

அளவெடுத்த பிறகே பொருள் வாங்க வேண்டும்

மண்டபத்தாரிடம் முதலில் கேட்டறிய வேண்டியவை சில உள்ளன. மேசைகள் வட்டமா, நீளமா? அவற்றின் அளவு என்ன? மேசை விரிப்பு எந்த நிறம்? திறந்த தீபத்துக்கு அனுமதி உண்டா? அலங்கரிக்க எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள்? மின்விசிறியோ குளிர்சாதனக் காற்றோ நேராக எந்தெந்த மேசைகளின் மீது வீசும்? இவற்றுக்கு விடை கிடைக்கும் முன் வாங்கும் பொருளில் ஒரு பகுதி வீணாகிவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

ஒருவர் வசதியாக அமர்ந்து உண்ண மேசை விளிம்பில் ஏறக்குறைய 60 செ.மீ. தேவை. இந்தக் கணக்கின்படி 150 செ.மீ. விட்டமுள்ள வட்ட மேசையில் எட்டுப் பேரும், 180 செ.மீ. விட்டமுள்ளதில் பத்துப் பேர்வரையும் அமரலாம். தட்டுகளும் குவளைகளும் பிடித்துக்கொள்ளும் இடத்தைக் கழித்துவிட்டால், 150 செ.மீ. மேசையின் நடுவில் அலங்காரத்துக்கு மிஞ்சுவது 45 அல்லது 50 செ.மீ. விட்டமுள்ள ஒரு வட்டமே. 75 செ.மீ. அகலமுள்ள நீள மேசையில் இருபுறமும் தட்டு வைத்த பிறகு நடுவில் 15 செ.மீ. அளவுக்கு ஒரு பட்டைதான் மிஞ்சும். ஆகவே வட்ட மேசைக்கு நடுவில் ஒரு குழுவாகவும், நீள மேசைக்கு நடுக்கோட்டில் வரிசையாகவும் அலங்காரத்தைத் திட்டமிடுவது இயல்பு.

அகலத்தைவிட உயரம் முக்கியம். எதிரெதிரே அமர்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச வேண்டும். மேசை மட்டத்திலிருந்து 30 செ.மீ.க்குக் கீழே நிற்கும் அலங்காரம் பார்வையை மறைப்பதில்லை. 60 செ.மீ.க்கு மேலே பூங்கொத்து அமைந்து, அதைத் தாங்கும் தண்டு மெல்லியதாக இருந்தாலும் மறைப்பதில்லை. இடைப்பட்ட உயரம்தான் தொல்லை. உயரமான அலங்காரத்துக்குக் கனமான அடித்தளம், கூடுதல் பூ, கூடுதல் கவனம் எல்லாம் தேவைப்படுவதால், செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் தாழ்வான அலங்காரத்தையே தேர்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

மாதிரி ஒன்று, கணக்கு ஒன்று

எண்ணத்தில் உள்ள வடிவத்தை முதலில் ஒரே ஒரு மேசைக்கு முழுமையாகச் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு மேசையில் விரிப்பைப் போட்டு, தட்டு, குவளை, கைக்குட்டை எல்லாவற்றையும் வைத்து, நடுவில் மாதிரியை நிறுத்தி, நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். நின்றபடி மேலிருந்து பார்க்கும்போது அழகாகத் தெரிவது அமர்ந்து பார்க்கும்போது வேறாகத் தெரியலாம். புட்டியின் கழுத்தில் கட்டிய முடிச்சு, பூவின் அடிப்பகுதி, தாளின் வெட்டுவிளிம்பு ஆகியவை அமர்ந்தவரின் கண்ணுக்கே நேராக வரும். மாலை நேர வரவேற்பென்றால் அறையின் பெரிய விளக்கை அணைத்து மஞ்சள் ஒளியிலும் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் நீலமும் ஊதாவும் மங்கிப்போகும். வெள்ளை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பொன்னிறம் ஆகியவை பொலிவு பெறும். இரண்டு நிறங்களும், அவற்றுக்குத் துணையாக வெள்ளையோ சந்தன நிறமோ பச்சையோ ஒன்றும் போதும்.

மாதிரி செய்ய ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 200 விருந்தினர், மேசைக்குப் பத்துப் பேர் என்றால் 20 மேசைகள். மேசைக்கு மூன்று புட்டிகளும் ஐந்து காகிதப் பூக்களும் என்றால் 60 புட்டிகள், 100 பூக்கள். ஒரு பூவுக்குப் பத்து நிமிடம் ஆகுமானால், பூக்களுக்கு மட்டும் ஆயிரம் நிமிடங்கள், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம் வேண்டும். நான்கு பேர் சேர்ந்தால் இது இரண்டு மாலைகளின் வேலை. தனியொருவருக்குச் சோர்வு தரும் சுமை. கணக்கு மிரட்டுவதாக இருந்தால் வடிவத்தை எளிதாக்கிக்கொள்ள அதுவே தக்க நேரம். வாங்கும் பொருள்களிலும் செய்யும் எண்ணிக்கையிலும் பத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. வழியில் உடைவதும் கசங்குவதும் எப்போதும் உண்டு.

கண்ணாடிப் புட்டிகள்

செலவே இல்லாமல் தொடங்கக்கூடிய பொருள் காலிக் கண்ணாடிப் புட்டிதான். திருமணம் முடிவான நாளிலிருந்தே உறவினர், நண்பர், அண்டை வீட்டார் எல்லோரிடமும் சொல்லிவைத்துச் சேகரிக்கத் தொடங்கலாம். எல்லாப் புட்டிகளும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மேசைக்கும் உயரமானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, குட்டையானது ஒன்று எனப் பிரித்துவிட்டால் அந்த வேறுபாடே ஓர் ஒழுங்காகிவிடும். மூன்றையும் ஒரே கோட்டில் வைக்காமல் முக்கோணமாக வைத்தால், எந்தப் பக்கம் அமர்ந்தவருக்கும் நிறைவாகத் தெரியும்.

ஒட்டியிருக்கும் தாளைப் பெயர்ப்பதற்கு, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் புட்டிகளை அரை மணி நேரம் மூழ்கவையுங்கள். பெரும்பாலான தாள்கள் தாமாகவே கழன்றுவிடும். பிசுக்காக எஞ்சும் பசையின் மீது சமையல் எண்ணெயும் சோடா உப்பும் சம அளவில் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துணியால் தேய்த்தால் அதுவும் போய்விடும். அதன் பிறகு எண்ணெய்ப் பசை துளியும் இல்லாதவாறு சோப்பு நீரில் கழுவி, முழுவதும் உலரவிட வேண்டும். எண்ணெய் இருக்கும் கண்ணாடியில் வண்ணமும் பிடிக்காது, பசையும் பிடிக்காது.

இனி அலங்காரம். எல்லாவற்றிலும் எளிது, கழுத்தைச் சுற்றிச் சணல் கயிற்றை ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டுவது. முதல் சுற்றின் அடியில் ஒரு துளிப் பசை வைத்துவிட்டால் கயிறு நழுவாது. அடுத்தது, 5 அல்லது 6 செ.மீ. அகலத்தில் சரிகை வேலைப்பாடுள்ள நாடாவையோ துணிப் பட்டையையோ புட்டியின் நடுவில் சுற்றி ஒட்டுவது. பயன்படாத பழைய ஆடைகளின் கரைகளும் இதற்கு உதவும். குடும்பத்து மூத்தவர் ஒருவரின் பழைய ஆடைக் கரையை இப்படிப் பயன்படுத்தினால் அந்த மேசைக்குத் தனி அர்த்தம் கிடைக்கும். ஆனால் வெட்டுவதற்கு முன் வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

சற்று நேரம் செலவிட முடிந்தால், மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி ஒளிரும் புட்டிகள் செய்யலாம். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழித்துக் கட்டைவிரல் அளவுத் துண்டுகளாக்குங்கள். கிழித்த விளிம்பு ஒன்றோடொன்று இழைந்து மறையும், கத்தரித்த விளிம்பு கோடாகத் துருத்தித் தெரியும். தூரிகையால் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பசையைத் தடவி, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று சிறிது ஏறுமாறு ஒட்டி, மேலே மற்றொரு பூச்சுக் கொடுத்து, ஓர் இரவு உலரவிட வேண்டும். உள்ளே சிறிய எல்.இ.டி. விளக்கு வைத்தால் நிறம் மென்மையாகப் பரவும். தாள் ஒட்டிய புட்டிக்குள் தீபம் வைக்கவே கூடாது.

உட்புறம் நிறமேற்றும் முறையும் உண்டு. வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீரும் சில துளிச் சாயமும் கலந்து புட்டிக்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் படியுமாறு உருட்டி, தாளின் மீது கவிழ்த்து வடியவிட்டால், மங்கலான நிறக் கண்ணாடிபோல் உலரும். இப்படிச் செய்த புட்டியில் தண்ணீர் ஊற்றினால் பூச்சுக் கரைந்துவிடும் என்பதால், அதில் காகிதப் பூக்களையோ உலர்ந்த தண்டுகளையோதான் வைக்க முடியும். தெளிப்பு வண்ணம் பயன்படுத்துவோர் காற்றோட்டமான வெளியிடத்தில், 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து, மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். ஒரே முறையில் தடிப்பாக அடித்தால் வண்ணம் ஒழுகிக் கோடிட்டுவிடும்.

கிரேப் தாள் ரோஜா

கையால் செய்யும் மேசை அலங்காரங்களில் காகிதப் பூவுக்கு இணையானதை நான் காணவில்லை. வாடாது, தண்ணீர் வேண்டாம், திருமணத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்து பெட்டியில் வைத்துவிடலாம், விருந்தினர் விரும்பினால் வீட்டுக்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் அவசரமாகச் செய்த காகிதப் பூ அவசரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இந்த வேலையை நிதானமாகக் கற்பது நல்லது.

தேவையானவை: கிரேப் தாள், கத்தரிக்கோல், சுமார் 1 மி.மீ. கனமுள்ள கம்பி, பூ வேலைக்கான பச்சை நாடா, ஒரு பென்சில், சிறிது பசை. கிரேப் தாளில் நெடுகச் சுருக்கக் கோடுகள் இருக்கும். அவற்றுக்குக் குறுக்காக இழுத்தால்தான் தாள் நீளும்; அவற்றின் போக்கில் இழுத்தால் நீளாது. இதழின் உயரம் இந்தக் கோடுகளின் போக்கிலேயே அமையுமாறு வெட்ட வேண்டும். இதை மாற்றி வெட்டினால் இதழில் குழிவு வராது. பூ தட்டையாகவே நிற்கும்.

தடித்த அட்டையில் இரண்டு இதழ் அச்சுகள் செய்துகொள்ளுங்கள். சிறியது 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், பெரியது 5 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். இரண்டும் மேலே அகன்று, அடியில் குறுகி, நீர்த்துளியைத் தலைகீழாக வைத்தது போன்ற வடிவில் இருக்கட்டும். தாளை ஆறு ஏழு மடிப்பாக மடித்து, அச்சை வைத்து ஒரே வெட்டில் பல இதழ்கள் எடுக்கலாம். ஒரு பூவுக்குச் சிறிய இதழ் ஐந்து, பெரிய இதழ் ஏழு அல்லது எட்டு வேண்டும்.

ஒவ்வொரு இதழின் நடுவிலும் இரு கட்டைவிரல்களையும் வைத்து மெல்லப் பக்கவாட்டில் இழுத்தால், இதழ் சிறு கிண்ணமாகக் குழியும். மேல் விளிம்பை இழுக்கக் கூடாது. பின்னர் பெரிய இதழ்களின் மேல் விளிம்பை மட்டும் பென்சிலில் சுற்றி வெளிப்புறமாகச் சுருட்டுங்கள். உண்மையான ரோஜாவில் வெளி இதழ்கள்தாம் விரிந்திருக்கும். உள் இதழ்கள் மூடியே இருக்கும். எல்லா இதழ்களையும் சுருட்டிவிட்டால் அந்த இயல்பு போய்விடும்.

கம்பியின் ஒரு முனையைச் சிறு வளையமாக மடக்கிக்கொள்ளுங்கள். பூ கழன்று வராமல் அது பிடித்துக்கொள்ளும். முதல் சிறிய இதழை அந்த முனையைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டி, அடியில் ஒரு துளிப் பசை வைத்து அழுத்துங்கள். அடுத்த இதழ்கள் ஒவ்வொன்றும் முந்தைய இதழின் பாதியை மூடுமாறு, குழிவு உள்நோக்கி இருக்க, சுற்றிச் சுற்றி அமையட்டும். ஐந்து சிறிய இதழ்கள் முடிந்ததும் பெரியவற்றை அதே முறையில் சேர்க்க வேண்டும். எல்லா இதழ்களின் அடியும் ஒரே மட்டத்தில் நிற்பதில் கவனம் தேவை. அடி ஏறி இறங்கினால் நாடா சுற்றும்போது பருத்துப்போகும்.

பச்சை நாடா சாதாரண நிலையில் ஒட்டாது. இழுக்கும்போதுதான் அதிலுள்ள மெழுகுப் பசை வெளிப்படும். ஆகவே இடக்கையால் நாடாவை இழுத்துப் பிடித்தபடி, வலக்கையால் கம்பியை உருட்டிக்கொண்டே பூவின் அடியிலிருந்து கீழ்நோக்கிச் சரிவாகச் சுற்ற வேண்டும். நடுவழியில் இரண்டு இலைகளைச் செருகிச் சுற்றிவிட்டால் பூ முழுமை பெறும். முதல் சில பூக்கள் கோணலாக வந்தால் மனம் தளர வேண்டாம். அவற்றைக் கொத்தின் பின்புறத்தில் வைக்கலாம். விலை குறைந்த கிரேப் தாளின் சாயம் ஈரம் பட்டால் ஒழுகி வெள்ளை விரிப்பைக் கறையாக்கும். வெயில் பட்டால் வெளுக்கும். செய்த பூக்களை மூடிய பெட்டியில், ஒன்றையொன்று நசுக்காமல் நிற்கவைத்துக் காக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு டிஷ்யூ தாள் பூ இருக்கிறது. எட்டுத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 2 அல்லது 3 செ.மீ. அகலத்தில் விசிறி மடிப்பாக முன்னும் பின்னும் மடித்து, நடுவில் கம்பியால் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தாள் நடுவில் ஒடுங்கிக் கிழியும்; நகராத அளவுக்குப் பிடித்தால் போதும். இரு முனைகளையும் வளைவாகவோ கூராகவோ வெட்டிவிட்டு, ஒவ்வொரு தாளாக நடுவை நோக்கி மெல்லப் பிரித்தால் பூ விரிந்துவிடும். மடிப்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் பூவின் விட்டம். மேசைக்கு 12 முதல் 15 செ.மீ. அழகாக இருக்கும். பிரித்த பிறகு இவை எளிதில் நசுங்குவதால், மடித்துக் கட்டிய நிலையிலேயே எடுத்துச் சென்று மண்டபத்தில் பிரிப்பது நல்லது.

புதிய பூக்களும் தழைகளும்

புதிய பூவின் பொலிவு வேறு எதற்கும் வராது என்பது உண்மைதான். அதைக் குறைந்த செலவில் பெறும் வழி, வாய் குறுகிய சிறு புட்டிகளைப் பயன்படுத்துவதாகும். அகன்ற ஜாடியில் இருபது தண்டுகள் இருந்தாலும் இடைவெளி தெரியும். குறுகிய புட்டியில் மூன்று தண்டுகளே நிறைவாக நிற்கும். அகன்ற ஜாடிதான் கையில் இருக்கிறது என்றால், அதன் வாயின் குறுக்கே ஒட்டும் நாடாவைக் கட்டங்களாக ஒட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டைச் செருகலாம். பூக்களைச் செருக விற்கும் பச்சை நுரைக்கட்டி எளிதில் மட்காத பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. நாடாக் கட்டமோ சுருட்டிய கம்பிவலையோ அந்த வேலையைச் செய்யும்போது அது தேவையில்லை.

பூக்களை வரவேற்புக்கு முந்தின நாள் வாங்கி, தண்டின் அடியைச் சரிவாக வெட்டி, தண்ணீருக்குள் மூழ்கும் பகுதியில் உள்ள இலைகளை எல்லாம் நீக்கி, வாளித் தண்ணீரில் நிழலான, குளிர்ச்சியான இடத்தில் ஓர் இரவு வைக்க வேண்டும். தண்ணீருக்குள் கிடக்கும் இலை அழுகி நீரைக் கெடுக்கும். கெட்ட நீரிலுள்ள நுண்ணுயிர்கள் தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துப் பூவை வாடச் செய்யும். பழுக்கும் பழங்களுக்கு அருகில் பூக்களை வைக்கக் கூடாது. பழத்திலிருந்து வெளிப்படும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் முதிரவைத்துவிடும். சாமந்தி, கார்னேஷன் போன்றவை நீண்ட நேரம் தாங்கும். லில்லி வைப்பதானால் அதன் மகரந்தப் பைகளை முன்னதாகவே கிள்ளி எடுத்துவிட வேண்டும். அந்தத் தூள் துணியில் பட்டால் கறை போகாது.

உணவு மேசையில் வைப்பதால் இரண்டு எச்சரிக்கைகள். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே நஞ்சு. தோட்டத்தில் எவ்வளவு பூத்திருந்தாலும் அதை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. உடைத்தால் பால் வடியும் செடிகளையும் தவிர்த்துவிடுங்கள். அடுத்து, கடும் மணமுள்ள பூக்கள் உணவின் மணத்தோடு மோதும். அவற்றுக்கு நுழைவாயிலில் இடம் கொடுக்கலாம்.

பூவின் எண்ணிக்கையைக் குறைக்கத் தழைகள் பெரிதும் கைகொடுக்கும். நீள மேசையின் நடுக்கோட்டில், ஒரு கிளையின் தண்டை அடுத்த கிளையின் இலைகள் மறைக்குமாறு அடுக்கிக்கொண்டே போனால், ஒரு பசுமைத் தோரணம் மேசையின் மீது படர்ந்ததுபோல் இருக்கும். தண்ணீரின்றிச் சில மணி நேரம் வாடாமல் இருக்கும் தடித்த இலைகளைத் தேர்ந்து, ஒரு நாள் முன்னதாக அறையில் கிடத்திச் சோதித்துப் பாருங்கள். முழுவதும் கழுவி உலர்த்திய பிறகே மேசைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் எறும்பும் பூச்சியும் கூடவே வந்துவிடும்.

மேசையின் நடுவே ஒரு துணிப் பட்டை

வெள்ளை விரிப்பின் மீது சணல் துணியிலோ பருத்தித் துணியிலோ 30 செ.மீ. அகலப் பட்டை ஒன்றை நெடுகப் போட்டால், சிறு புட்டிகள்கூடத் தனித்து நிற்காமல் ஒரு தொகுப்பாகத் தெரியும். நீளம், மேசையின் நீளத்தோடு இருபுறமும் 15 செ.மீ. தொங்கும் அளவுக்கு இருக்கட்டும். 75 செ.மீ. மேசைக்கு 30 செ.மீ. பட்டை தட்டுகளின் அடியில் சிறிது புகும், அது குறையன்று. சணல் துணியை நேராக வெட்ட அளவுகோலை நம்ப வேண்டாம். வெட்ட வேண்டிய இடத்தில் ஒரே ஓர் இழையைப் பிடித்து முழுவதுமாக உருவிவிட்டால், துணியில் நேர்க்கோடாக ஓர் இடைவெளி விழும். அதன் வழியே கத்தரித்தால் துளியும் கோணாது. முனைகளில் குறுக்கிழைகளை 3 செ.மீ. வரை உருவிவிட்டால் குஞ்சம் தானாகவே அமைந்துவிடும். அதற்கு மேல் பிரியாமலிருக்க, குஞ்சம் தொடங்கும் இடத்தில் ஒரு தையல் ஓட்டலாம். தையல் இயந்திரம் இல்லாவிட்டால் வெள்ளைப் பசையை மெல்லிய கோடாகத் தடவினாலும் போதும். சணல் துணியிலிருந்து தூசும் நாரும் உதிரும் என்பதால், கொண்டுபோவதற்கு முன் வெளியில் நன்றாக உதறிவிட வேண்டும்.

ஒளி

மண்டபம் அனுமதித்தால் மிதக்கும் மெழுகுவர்த்திகள் மிக அழகானவை. அகன்ற கண்ணாடிக் கிண்ணத்தில், விளிம்புக்கு 5 செ.மீ. கீழே தண்ணீர் நிற்குமாறு ஊற்றி, அதில் மிதக்கவிடலாம். கிண்ணத்தின் அடியில் 25 செ.மீ. அளவுள்ள முகக்கண்ணாடித் துண்டை வைத்தால் ஒரு சுடர் இரண்டாகத் தெரியும். கண்ணாடியின் கூரான விளிம்புகளை நாடாவால் மூடிவிட வேண்டும். பூவை நீருக்குள் மூழ்கவைக்க விரும்பினால், தண்டில் சிறு கூழாங்கல்லைக் கட்டி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மிதந்து மேலே வந்துவிடும். மூழ்கிய இதழ்கள் ஒரு நாளிலேயே நிறம் மாறத் தொடங்குவதால் இதை அன்றைக்கே செய்ய வேண்டும்.

சிறு தகரக் கிண்ணத்தில் வரும் சாதாரண மெழுகுவர்த்தி ஏறக்குறைய நான்கு மணி நேரம் எரியும். ஆகவே விருந்தினர் வருவதற்குச் சற்று முன் ஏற்றினால் போதும். காகிதப் பூ, உலர்ந்த தழை, சணல் துணி இவற்றின் அருகில் திறந்த சுடர் கூடவே கூடாது. காற்று வீசும் மேசைகளுக்கும், குழந்தைகள் அமரும் மேசைகளுக்கும் எல்.இ.டி. விளக்கே ஏற்றது. அதில் வெண்ணிற ஒளியைத் தவிர்த்து மஞ்சள் ஒளி தருவதை வாங்குங்கள். அதன் பொத்தான் வடிவ மின்கலத்தைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தே வைக்க வேண்டும்.

மினுமினுப்புத் தூளையும் வண்ணத் தாள் துகள்களையும் மேசையில் தூவும் வழக்கம் பரவலாக இருந்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவை தட்டிலும் உணவிலும் ஒட்டிக்கொள்ளும். துப்புரவு செய்வோருக்கும் பெருந்தொல்லை.

மேசை எண்கள்

250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கனமுள்ள அட்டையைக் கூடாரம்போல் மடித்து, இரு புறமும் எண் எழுத வேண்டும். ஒரு புறம் மட்டும் எழுதினால் பாதி விருந்தினர் மேசையைச் சுற்றிவர நேரும். தடித்த அட்டையை அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும்; மை தீர்ந்த பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் கூர்மையாக மடியும். எண்ணின் உயரம் 8 செ.மீ.க்குக் குறையாமலும், நிறம் அட்டையிலிருந்து தெளிவாக வேறுபட்டும் இருக்கட்டும். வெள்ளை அட்டையில் பொன்னிற எழுத்து அருகில் அழகு. தொலைவிலிருந்து படிக்க முடியாது.

எடுத்துச் செல்வதும் அடுக்குவதும்

கையால் செய்த அலங்காரம் பெரும்பாலும் பழுதாவது வழியில்தான். புட்டிகளைக் காலியாகவே கொண்டுசென்று மண்டபத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். அட்டைத் தடுப்புகள் உள்ள பெட்டிகளில் அடுக்கி, ஒவ்வொரு பெட்டியிலும் எந்த மேசைக்கு உரியது என்று எழுதிவிட வேண்டும். பொருள்வாரியாக அல்லாமல் மேசைவாரியாகப் பெட்டி கட்டினால், உதவிக்கு வந்தவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மேசைக்குப் போய் முழு வேலையையும் முடித்துவிடலாம். மெழுகுவர்த்திகளை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைத்தால் இளகி வளைந்துவிடும்.

ஒரு மேசைக்குப் பத்து நிமிடம் என்றால் 20 மேசைகளுக்கு ஒருவருக்கு 200 நிமிடம் ஆகும். நால்வர் சேர்ந்தால் 50 நிமிடத்தில் முடியும். மணமக்களையோ அவர்களின் பெற்றோரையோ இந்த வேலையில் அன்று ஈடுபடுத்தாதீர்கள். மாதிரி மேசையின் நிழற்படத்தை உதவுவோர் அனைவருக்கும் முன்னதாகவே அனுப்பிவிட்டு, முதல் மேசையை எல்லோரும் பார்க்க நீங்களே ஒரு முறை அடுக்கிக் காட்டிவிட்டால் மற்றவை அதைப் பின்பற்றி அமையும். கத்தரிக்கோல், நாடா, பசை, கம்பி, தீப்பெட்டி, துடைக்கத் துணி, தண்ணீர் ஊற்ற நீண்ட மூக்குள்ள குவளை, உபரிப் பூக்கள் ஆகியவற்றைத் தனிப்பெட்டியில் வைத்து ஒருவரின் பொறுப்பில் விடுங்கள். எல்லாம் முடிந்ததும் சில மேசைகளில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து பார்த்துவிட்டால், நின்றபடி தெரியாத குறைகள் கண்ணில் படும்.

கலைக்கும் வேலையையும் முன்கூட்டியே இருவரிடம் ஒப்படைக்க வேண்டும். விருந்தினர் எடுத்துச் செல்லலாம் என்று நீங்கள் நினைத்திருந்தால், மேசை எண் அட்டையின் அடியில் ஒரு வரியாக அதை எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பலர் தயங்குவார்கள். இரவல் வாங்கிய ஜாடிகளின் அடியில் உரியவரின் பெயரைச் சிறு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் அன்றிரவே பிரித்துக் கொடுத்துவிடலாம். எல்.இ.டி. விளக்குகளை அணைத்து, மின்கலங்களைக் கழற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத ஒரு டப்பாவில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வரும் இன்னொரு வீட்டுத் திருமணத்துக்கு அந்த விளக்குகள் அப்படியே பயன்படும்.